ஆக்காட்டி முட்டை பார்த்த கோடை

ஐம்பதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால் சின்ன வயதுத் திருட்டுத்தனங்களைப் பேசிச் சிரிக்கிறோம். வாத்தியார் வீட்டு மாங்காயை அடித்தது, டூரிங் டாக்கீஸில் தட்டிக்கு அடியில் நுழைந்து படம் பார்த்தது, அக்காவின் புது ரிப்பனை ஒளித்து வைத்துவிட்டுத் தானும் சேர்ந்து தேடியது. நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். என் முறை வரும்போது மட்டும் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து உள்ளே போய்விடுவேன். போன மாதம் உங்களில் ஒருத்தி விடவில்லை. "நீ மட்டும் என்ன உத்தமியா? ஒண்ணாச்சும் இருக்கும், சொல்லுடி" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தாள். இருக்கிறது. ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை. வாயால் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் பார்க்காதீர்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் பிறந்தது தருமபுரிப் பக்கம். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் வத்தல்மலை தெரியும். அடிவாரத்துக்கு நடந்தால் அரைநாள். ஊருக்கும் மலைக்கும் நடுவே ஒரு புல்லுக்காடு, அதைத் தாண்டி ஒரு ஏரி. ஏரி என்றதும் அலையடிக்கிற தண்ணீரை நினைத்துக்கொள்ளாதீர்கள். எண்பதுகளின் நடுவில் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல எங்கள் பக்கம் மழை ஏமாற்றியது. நடுப்பள்ளத்தில் நாலு எருமை படுத்தால் நிறைந்துவிடும் அளவுக்குத்தான் சேறும் தண்ணீரும் கிடந்தன. மற்ற இடமெல்லாம் வெடித்த களிமண். வெடிப்புக்குள் விட்டால் என் கை முழங்கை வரை போகும். நத்தை ஓடுகள் காலடியில் நொறுங்கும். செத்த கெளுத்தி மீனின் நாற்றம் ஊர் வரைக்கும் வந்தது.

சித்திரை முடிகிற சமயத்தில் எங்கள் ஊரில் 'முட்டை பார்க்கப் போவது' என்று ஒரு வழக்கம் இருந்தது. ஆக்காட்டியைத் தெரியும்தானே? புத்தகத்தில் ஆட்காட்டி என்று போடுவார்கள். நீளமான மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு தசை, ஆளைக் கண்டால் ஊரையே கூட்டுகிற தொண்டை. அது மரத்தில் கூடு கட்டாது. தரையில் லேசாகக் குழி பறித்து, சுற்றிலும் பொடிக்கல்லும் ஆட்டுப் புழுக்கையும் சேர்த்து, நாலு முட்டை வைக்கும். தண்ணீர் வந்து அடித்துப் போகாத இடமாகப் பார்த்துத்தான் அது முட்டை வைக்கும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. ஏரிப் பள்ளத்தில் வைத்திருந்தால் மழை இப்போதைக்கு இல்லை. கரையைத் தாண்டி மேட்டில் வைத்திருந்தால் மழை சீக்கிரம் வரும். எப்போது விதைப்பது, மாட்டை மலைக்கு ஓட்டுவதா வேண்டாமா, எல்லாம் அதைப் பார்த்துத்தான்.

மலைக்கு ஓட்டுவது என்றால், வத்தல்மலையில் சாமை விதைக்கிற ஒரு மலைக்காரர் எங்கள் ஊர் மாடுகளைத் தன் பட்டியில் சேர்த்துக்கொள்வார். மாடு பிழைக்கும், சாணி அவர் காட்டுக்கு. அவ்வளவுதான் பேச்சு. அந்தக் காலத்தில் மலைக்கு ரோடு கிடையாது. செங்குத்தான ஒற்றையடிப் பாதை. மாட்டுக்கு உடம்பில் தெம்பு இருக்கும்போதே ஏற்றிவிட வேண்டும். எலும்பு தெரிய ஆரம்பித்த பிறகு எந்த மாடும் அதில் ஏறாது. அதனால் சித்திரைக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

முடிவு சொல்கிற ஆள் என் அப்பா.

அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி நிலம் கிடையாது. படிப்பும் கிடையாது. கூட்டத்தில் அவர் பேசினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் பறவை விஷயம் என்றால் ஊரே அவர் வாயைப் பார்க்கும். புல்லுக்காட்டில் நடந்துகொண்டே "அந்தக் கல்லுக்குப் பின்னால கௌதாரி படுத்திருக்குது, பாத்து வா" என்பார். எனக்குக் கல் மட்டும்தான் தெரியும். கிட்டப் போனதும் கல்லுக்குப் பின்னாலிருந்து கௌதாரி ஓடும். எங்கள் பங்காளி முறையில் மேல்வீட்டில் ஒரு பெரியப்பா இருந்தார், அப்பாவுக்கு அண்ணன் முறை. ஊரில் நல்ல உழவு மாட்டு ஜோடி அவருடையதுதான். "அவன் பாத்துச் சொன்னா அதுக்கு மேல பேச்சில்ல" என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். அந்த ஒரு பேச்சில்தான் அப்பா ஊருக்குள் நிமிர்ந்து நடந்தார். இதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

எங்களிடம் ஒரு பசு இருந்தது. மயிலை. ஆலம்பாடி இனம், சாம்பல் நிறம், ஒரு கொம்பு கொஞ்சம் உள்ளே வளைந்திருக்கும். அந்தக் கோடையில் அது சினையாக இருந்தது. நான் அஞ்சாவது முடித்த லீவு. காலையில் கட்டை அவிழ்த்தால் பொழுது சாயும்வரை நானும் அதுவும்தான். புல்லுக்காட்டில் ஊசிப்புல் தவிர ஒன்றும் மிச்சமில்லை. பாவாடை விளிம்பு முழுக்க அந்த ஊசிகள் ஏறிக்கொண்டு காலைக் குத்தும். மயிலை அதையும் மேய்ந்தது. வாயோரம் ரத்தம் கசியும். நான் பாவாடை மடியில் மறைத்து எடுத்துப்போன களியை அதற்குக் கொடுப்பேன். சொரசொரத்த நாக்கால் கையை ராவித் தின்னும்.

முந்தின வருடம் அத்தை வீட்டு மாடுகள் மலைக்குப் போனதில் ஒன்று திரும்பி வரவில்லை. சிறுத்தை. அத்தை தலைமாட்டில் மாட்டு மணியை வைத்துக்கொண்டு மூன்று நாள் படுத்திருந்தாள். அதைப் பார்த்திருந்ததால், ஒரு நாள் அம்மா அப்பாவிடம் பேசியதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏங்க, மயிலைய மலைக்குத்தான் ஓட்டோணும் போலிருக்குதே. வைக்கோல் பத்து நாளைக்குக்கூட வராது."

"முட்டை பாத்துட்டுச் சொல்றேன். பள்ளத்துல இருந்தா ஓட்டித்தான் ஆவோணும்."

"சினை மாடுங்க. அங்க கன்னு போட்டா?"

"போட்டா போடட்டும். இங்கியே இருந்து சாவறதுக்கு அது பரவால்ல."

நான் பக்கத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தேன். கன்று தரையில் விழுந்ததும் சிறுத்தை வந்து தூக்கிப்போவது எனக்குக் கண்முன்னால் தெரிந்தது. முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து போய் மயிலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். யாரும் கவனிக்கவில்லை.

முட்டை எங்கே இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். மற்ற வருடங்களில் ஏரியில் ஏழெட்டு ஜோடி ஆக்காட்டி இருக்கும். அந்த வருடம் தண்ணீர் போனதோடு அவையும் போய்விட்டன. ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம். அது நடுப்பள்ளத்தில், சேற்றுக்குப் பத்தடி தள்ளி முட்டையிட்டிருந்தது. மண் நிறத்தில் கறுப்புத் திட்டு போட்ட நாலு முட்டை, கூர் நுனி நான்கும் உள்பக்கம் பார்த்தபடி. அப்பாவின் மகள் அல்லவா, எனக்கும் கொஞ்சம் கண் இருந்தது. கண்டுபிடித்த அன்று சந்தோஷம்தான். அம்மா பேசியதைக் கேட்ட பிறகு அந்த நாலு முட்டையும் எனக்கு விரோதியாகிவிட்டன.

முட்டை பார்க்கிற நாளுக்கு மூன்று நாள் முன்னாலிருந்து ஏரிப் பக்கம் யாரும் போகக் கூடாது. பறவை மிரண்டுவிடும் என்று கட்டுப்பாடு. ஊரில் ஒரு குழந்தைகூட அதை மீறாது. நான் மீறினேன். முந்தின நாள் உச்சி வெயிலில், எல்லோரும் வீட்டுக்குள் முடங்கியிருந்த நேரத்தில், மயிலையைப் புளியமரத்தில் கட்டிவிட்டு ஏரிக்குள் இறங்கினேன். செருப்பு இல்லை. களிமண் விளிம்பு காலைச் சுட்டது.

பறவைகள் இரண்டும் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டன. கத்தல் என்றால் அப்படி ஒரு கத்தல். ஒன்று எனக்கு முன்னால் இறக்கையை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடியது. இன்னொன்று தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து வந்தது. ஒரு தடவை இறக்கை என் காதில் பட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு நாலு முட்டையையும் பாவாடை மடியில் எடுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தன. பழைய குழியைக் காலால் தேய்த்து மூடினேன். கரை ஏறி அந்தப் பக்கம் மேட்டில் சரளை கிடக்கிற இடத்தில் குதிகாலால் ஒரு குழி பறித்து, பொடிக்கல் பொறுக்கி வைத்து, முட்டைகளைக் கூர் நுனி உள்ளே வரும்படி அடுக்கினேன். ஒரு தப்பும் செய்யவில்லை.

என்ன நினைத்துச் செய்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அப்பாவை ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. இதைச் சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. முட்டை மேலே இருந்தால் மழை வரும் என்று சொன்னார்கள். நான் மேலே வைத்துவிட்டேன். இனி மழை வந்துதானே ஆகவேண்டும்? அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். அப்பா, பெரியப்பா, ஊர் ஆட்கள் ஐந்தாறு பேர், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான். அம்மா தூக்குப் போசியில் கூழ் கொடுத்திருந்தாள். அந்த நடை எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? வருடத்தில் அந்த ஒரு நாள் பெரிய ஆம்பளைகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு, காலை மெதுவாக எடுத்து வைத்து, அப்பாவுக்குப் பின்னால் வருவார்கள். புல்லுக்காட்டில் வானம்பாடி ஒன்று பாடிக்கொண்டே நேராக மேலே போய், பாட்டை நிறுத்தியதும் கல் மாதிரி கீழே விழுந்தது. காலடியில் காடை ஒன்று பட்டென்று கிளம்பியதில் பெரியப்பா "அய்யோ" என்று துள்ளினார். எல்லோரும் சிரித்தார்கள். கல்கௌதாரிக் கூட்டம் ஒன்று தண்ணீர் தேடி எங்கள் தலைக்கு மேலே போனது. அப்பா நின்று அது போகும் திசையைப் பார்த்தார். "ஏரிய விட்டுட்டு அந்தாண்ட போவுது" என்றார். அவர் முகம் சரியாக இல்லை.

ஏரிக்குள் இறங்கும்போதே ஆக்காட்டிகள் கத்த ஆரம்பித்துவிட்டன. இரண்டும் நடுப்பள்ளத்துக்கு மேலேதான் சுற்றின. ஒன்று கீழே இறங்கி, நான் தேய்த்து மூடிய இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தது. உட்காரப் போகும், எழுந்துவிடும். மறுபடி உட்காரப் போகும்.

அப்பா நேராக அங்கேதான் போனார். குனிந்து தேடினார். மண்டியிட்டுக் கையால் தடவிப் பார்த்தார்.

"இங்கதான் கத்துது. ஆனா முட்டையக் காணமே."

அப்போது கரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது. "டேய்! இங்க வாங்கடா! மேட்டுல இருக்குதுடா, நாலு முட்டை!"

எல்லோரும் ஓடினார்கள். அப்பா கடைசியாக வந்தார். முட்டைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தொடவில்லை. திரும்பி ஏரியைப் பார்த்தார். பறவைகள் இன்னும் பள்ளத்துக்கு மேலேயே கத்திக்கொண்டிருந்தன.

"முட்டை இங்க இருக்கையில அதுங்க ஏண்ணா அங்க நின்னு கத்துதுங்க?"

"ஏன்டா, உனக்கா நான் சொல்லித் தரோணும்? ஆளை ஏமாத்தத்தான் கத்துது. முட்டை ஒரு பக்கம், கத்தல் ஒரு பக்கம், அதோட பொழப்பே அதான?"

பெரியப்பா சொன்னது பொய்யில்லை. ஆக்காட்டி அப்படிச் செய்யும் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அப்பா எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் மாட்டை மலைக்கு அனுப்ப மனசில்லை. "சொல்லுப்பா, சொல்லுப்பா" என்றார்கள். எனக்கும் அதே ஜபம்தான், உள்ளுக்குள். கடைசியில் அப்பா கையைத் தரையில் ஊன்றி எழுந்தார்.

"மேலதான் வெச்சிருக்குது. மழை வந்துரும். மாட்டை ஓட்ட வேணாம்."

பெரியப்பா அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வரும் வழியில் எல்லோரும் பேசிக்கொண்டே வந்தார்கள், கூழை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். நான் ஊருக்குள் நுழைந்ததும் ஓடிப்போய் மயிலையின் காதில் சொன்னேன்.

வைகாசி வந்தது. மேகம் வந்தது, போனது. வைக்கோல் தீர்ந்தது. கூரையில் வேய்ந்திருந்த பழைய புல்லை இழுத்து மாட்டுக்குப் போட்டோம். புகையும் கரியும் ஏறிய புல், இருமிக்கொண்டே தின்னும். வேப்பந்தழையை ஒடித்துப் போட்டோம். சப்பாத்திக் கள்ளியை நெருப்பில் வாட்டி முள்ளை எரித்துப் போட்டோம். ஊரில் ஒருவரும் அப்பாவைக் குறை சொல்லவில்லை. "இன்னிக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்" என்றுதான் இருந்தார்கள். அப்பா மட்டும் தினமும் விடியற்காலையில் ஏரிக்குப் போய் வந்தார். நான் வைத்த முட்டைகளில் ஒன்றைக் காக்கா உடைத்திருந்ததாம், மற்றவை அப்படியே கிடந்தனவாம். "குருவி உக்காரவே மாட்டேங்குதே" என்று அம்மாவிடம் சொன்னார். அதைக் கேட்ட அன்றே நான் சொல்லியிருக்கலாம். அப்போதும் மாடுகளுக்குக் கொஞ்சம் தெம்பு இருந்தது. அடிக்குப் பயந்தேன். அடியைவிட, அப்பா என்னைப் பார்க்கப் போகிற பார்வைக்குப் பயந்தேன்.

ஆனி பிறந்ததும் அப்பாவே எல்லோரையும் கூப்பிட்டு, "ஓட்டிருலாம்ப்பா, மலைக்கு ஓட்டிருலாம்" என்றார். ஓட்டினோம். அடிவாரம் வரைக்கும்தான் போக முடிந்தது. ஏற்றத்தில் முதல் வளைவிலேயே பெரியப்பாவின் வலது மாடு முன்னங்காலை மடித்து உட்கார்ந்தது. வாலை முறுக்கினார்கள், தோளைக் கொடுத்துத் தூக்கினார்கள். அது பெரியப்பாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கேயே உயிர் போயிற்று. அதன் ஜோடி நாலு நாள் கழித்து. அதற்குப் பிறகு ஊரில் மாடு விழாத வீடு இல்லை.

மயிலை எங்கள் கொட்டிலில் படுத்துவிட்டது. நான் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். வயிற்றுக்குள் கன்று அசைவது தெரிந்தது. மயிலையின் மூச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அசைந்தது. "அப்பா, கன்னு உசுரோட இருக்குதுப்பா, எடுங்கப்பா, எடுங்கப்பா" என்று கத்தினேன். அப்பா கொட்டிலின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அம்மா வந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள். இப்போது எழுதும்போதும் என் உள்ளங்கையில் அந்த அசைவு இருக்கிறது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது, நானும் எத்தனையோ விதமாகத் தேய்த்துப் பார்த்துவிட்டேன்.

செத்த மாடுகளைப் புல்லுக்காட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். கழுகுகள் வந்தன. இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள், கழுத்து மொட்டையான பெரிய கழுகுகள், நாற்பது ஐம்பது ஒன்றாக இறங்கும். வானம்பாடி பாடிய இடத்தில் அவை சண்டை போட்டுக்கொண்டு நடந்தன. ஊர்க்காரர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். அப்பா அந்தத் திசைக்கே போகவில்லை.

ஆடி கடைசியில் மழை கொட்டியது. ஏரிப் பள்ளம் நிறைந்தது. மாடில்லாத கொட்டிலில் ஒழுகுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா அதற்கு முன்பே வீட்டைப் பூட்டிக்கொண்டு பெரியம்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தொப்பூருக்குப் போய்விட்டார். கணவாய் ரோட்டில் லாரிகள் நிற்கிற சாப்பாட்டுக் கடை ஒன்றில் தண்ணீர் தூக்கவும் எச்சில் இலை எடுக்கவும். போகும்போது எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனார். அப்பா "அண்ணா" என்றார். அவர் நிற்கவில்லை.

அடுத்த சித்திரையில் முட்டை பார்க்கப் போக யாரும் அப்பாவைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வருடம் யாருமே போகவில்லை. அப்பா தருமபுரிக்குப் போய் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார். தலையைக் குனிந்துகொண்டு நடக்கப் பழகிவிட்டார். அவர் இருக்கும்போது வீட்டில் யாரும் பறவைப் பேச்சு எடுக்க மாட்டோம்.

இப்போது எனக்குத் தெரியும், ஆக்காட்டிக்கு மழையைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. திறந்த இடமும் பக்கத்தில் கொஞ்சம் ஈரமும் இருந்தால் முட்டையிட்டுவிடும். ஊரே ஒரு பொய்யை நம்பிக்கொண்டிருந்தது. அந்தப் பொய்யாவது அந்த வருடம் மாடுகளைக் காப்பாற்றியிருக்கும், நான் கை வைக்காமல் இருந்திருந்தால்.

இத்தனையும் படித்துவிட்டு, "விடுடி, பத்து வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்" என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்குத் தெரியும், நல்லவர்கள் நீங்கள். நானும் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது.

அம்மா போன பிறகு அப்பா தருமபுரியில் என் வீட்டோடு வந்துவிட்டார். அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. ஒரு நாள் மொட்டைமாடியில் என் பையன் வானத்தைக் காட்டி, "தாத்தா, அது என்ன குருவி?" என்று கேட்டான். அப்பா நிமிரவே இல்லை. "எனக்குக் குருவியெல்லாம் தெரியாது சாமி" என்றார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் கையிலிருந்த ஈரத்துணியை வாளியிலேயே போட்டேன். பையனைக் கீழே அனுப்பிவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. இப்படிக் கேட்டார்.

"பள்ளத்துலதான இருந்துச்சு?"

"ஆமாப்பா."

"நாலும் பள்ளத்துலதான?"

"ஆமாப்பா, நாலும்."

"நான் நெனச்சன். குருவி அங்கதான நின்னுது. நான் நெனச்சன் பாப்பா" என்றார். வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தனக்குப் பார்வை தப்பிப்போய்விட்டது என்று இருபத்து நாலு வருடம் நம்பிக்கொண்டிருந்த மனிதர். தப்பவில்லை என்று தெரிந்ததும் வந்த அழுகை அது. அந்த வேளையிலும் அவர் என்மேல் கோபப்படவில்லையே என்று எனக்கு நிம்மதிதான் வந்தது. என் முகத்தில் துப்புங்கள்.

மறுநாள் காலையில் சவரம் செய்துகொண்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். "தொப்பூர் வரைக்கும் போய்ட்டு வந்துருலாம், வா பாப்பா. அண்ணன் உசுரோட இருக்குதுன்னாங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருலாம்."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "கரிச்சான்" என்றார். "பனங்காடை, அந்தக் கம்பி மேல." எதைச் சொல்லப் போகிறார், யாரைக் காட்டிச் சொல்லப் போகிறார் என்று எனக்கு வழியெல்லாம் அதே நினைப்பு.

பெரியப்பாவின் மகன் கணவாயில் சொந்தமாகச் சின்ன டீக்கடை போட்டிருந்தார். பெரியப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், எலும்பும் தோலுமாக. அப்பாவைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். மகன் மூன்று டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். லாரிகள் ஏற்றத்தில் உறுமிக்கொண்டு போயின. பெரியப்பாதான் ஆரம்பித்தார்.

"உன்னை ஒண்ணு கேக்கோணும்னே இருந்தன்டா. சாவறதுக்குள்ள."

"கேளுங்கண்ணா."

"அந்த முட்டைய நான்தான் பாத்தன், நான்தான் கூவுனன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனா உனக்குத் தெரியும். நீ தப்பா பாக்கற ஆளே இல்ல. அன்னிக்கு மட்டும் ஏன்டா அப்படிச் சொன்ன?"

இதற்காகத்தான் அப்பா வந்திருந்தார். இதைவிட வாகான கேள்வி கிடைக்காது. அவர் உதடு பிரிந்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"வெயில் அண்ணா" என்றார் அப்பா. "கண்ணு கூசிருச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்கண்ணா."

பெரியப்பா தலையை ஆட்டினார். "போ, போ. உனக்கும்தான் மாடு போச்சு" என்று அப்பாவின் முழங்காலில் தட்டினார். பெரியப்பா அந்த வருடமே இறந்துபோனார், அப்பா அடுத்த தையில். நான் அன்று வாயைத் திறந்திருக்கலாம். ரெண்டு கிழவர்களும் உயிரோடு எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள், என்னை அடிக்கவும் யாரும் இல்லை. டீ ஆறிப்போகிறது, குடிங்கப்பா என்றேன்.